ஒரு வீடு தள்ளி விழும் படம்

எங்கள் வீட்டுக் கணினியின் படம் ஆவணி மாதத்திலிருந்து மேல்வீட்டுப் பாகீரதி அம்மாளின் சமையலறைச் சுவரில் விழுகிறது. கணினி கீழே என் மேசையில்தான் இருக்கிறது. கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், கேமரா எல்லாம் என்னிடம். மானிட்டரும் என்னிடம்தான். அதில் படம் மட்டும் இல்லை.

இதை முதலில் கவனித்தது நான் அல்ல. மானிட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து, வயரைப் பிடுங்குவதும் ஊதுவதும் செருகுவதுமாக இருந்தேன். ஒருநாள் காலை பாகீரதி அம்மாள் கையில் கரண்டியோடு இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"சார், உங்க கல்யாணப் பத்திரிகை எங்க அடுப்படியில விழுது" என்றார். "மாப்பிள்ளையோட தாத்தா பேருக்கு முன்னால 'தெய்வத்திரு'ன்னு போட்டிருக்கீங்க. அவரு நேத்து மார்க்கெட்ல நின்னு கருணைக்கிழங்கு வாங்கிட்டிருந்தாரு."

என் தொழில் அது. திருச்சியில், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் நடுமாடியில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகைகளும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும் வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புகிறேன். வாழ்த்தும் அழுகையும் ஒரே மேசையில் உண்டாவதால் சில சமயம் ஒன்றின் சொல் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, தாத்தாவைக் கண் தெரியாமலே உயிர்ப்பித்தேன். "ம், இப்ப சரி" என்று மேலிருந்து குரல் வந்தது.

படம் வராத மானிட்டருக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்தேன். மூலையிலிருந்த சின்ன விளக்கு, தூங்குகிறேன் என்று ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து மெமரிக் குச்சியைக் கழற்றி, அதன் தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். எங்கள் ஊரில் கணினிக்குப் பார்க்கும் முதல் வைத்தியம் அதுதான். திரும்ப மாட்டியதும் தொலைபேசி அடித்தது.

"இப்பதான் சார் பளிச்சுன்னு இருக்கு. சேப்பு கலரு நல்லா எடுக்குது. என்ன செஞ்சீங்க?"

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அந்த நம்பிக்கையில் மானிட்டரின் பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டினேன். "மெதுவாத் தட்டுங்க சார், அஞ்சறைப்பெட்டி ஆடுது" என்றார்.

கணினி பழுதுபார்க்கும் பிரிட்டோ வந்தான். வேறொரு மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினான். அது அகலமானது. அதுவும் கறுப்பாகவே நின்றது. மேலே மட்டும் படம் அகன்று சுவிட்ச்போர்டின் மேல் ஏறிவிட்டதாகப் பாகீரதி அம்மாள் தகவல் சொன்னார். பிரிட்டோ அவரிடம் கேட்டுக் கேட்டுப் படத்தைச் சிறிதாக்கி, சன்னலுக்கும் மசாலா அலமாரிக்கும் நடுவில் சரியாக உட்காரவைத்தான். பிறகு என் மேசையைச் சுற்றி வந்து, அது கோணலாக இருக்கிறது என்றான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ஆனாலும் தொழில்காரன் சொல்லும்போது கேட்க வேண்டும். மேசையை இழுத்து எதிர்ச் சுவரோரம் போட்டோம். படம் பாகீரதி அம்மாளின் படுக்கையறைப் பீரோவில் விழுந்தது.

"அங்க வேணாம் சார்" என்றார். "நான் பகல் பூரா அடுப்படியிலதான் கிடக்கேன். பழைய இடத்துக்கே அனுப்பிருங்க."

அனுப்பினோம்.

"டிஸ்ப்ளேல ஒரு குறையும் இல்ல சார். விழுற இடம்தான் தப்பு" என்றான் பிரிட்டோ. "ஆயுத பூஜை கழியட்டும். வந்து மொத்தத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்திர்றேன். தன் இடத்துக்கு வந்துரும்."

அதுவரை பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே மேலே போனேன். ஒரு மாடி ஏறினால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றியது. நான் அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் சுவர் காலியானது. பாகீரதி அம்மாள் என் சாவியை வாங்கிக்கொண்டு கீழே போய்ப் பார்த்தார். படம் என் மானிட்டரில் பளிச்சென்று இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். நான் கீழே வந்தேன். அது மேலே போயிருந்தது. மறுபடி ஏறி இறங்கினோம். படிக்கட்டில் ஒருவரையொருவர் கடந்துகொண்டே இருந்தோம். விஷயம் தெளிவாகிவிட்டது. படம் எப்போதும் என்னிலிருந்து ஒரு வீடு தள்ளித்தான் விழும்.

பாகீரதி அம்மாள் தொலைபேசி நிலையத்தில் டிரங்கால் இணைத்துக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருத்தர் கண் தெரியாமல் தடுமாறும்போது இன்னொருத்தர் குரலால் வழிகாட்டுவது அவருக்குப் புதிதில்லை. "லைன்ல இருங்க சார். அம்புக்குறி இப்ப பிள்ளையார் தும்பிக்கையில இருக்கு. இடப்பக்கம் வாங்க. இன்னும். நில்லுங்க." அவர் கை மாவில் இருக்கும்போது தொலைபேசி வேண்டாம் என்பார். நான் மேற்கூரையைப் பார்த்து, "வந்துருச்சாம்மா?" என்று கத்துவேன். பூரிக்கட்டையால் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை.

இப்படியே ஆவணி முகூர்த்தங்களை ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு நடந்ததில்லை.

அவள் என்றால் கோதை, என் மகள். நார்வேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணினியில் கூப்பிடுவாள். என் தொலைபேசி பொத்தான் வைத்த பழைய ரகம், அதில் முகம் வராது. இப்போது கணினியிலும் அதே கதி. அவள் குரல் என் ஸ்பீக்கரில் வரும். கேமரா என்னிடம் இருப்பதால் அவள் என்னைப் பார்ப்பாள். அவள் முகம் மட்டும் மேல்வீட்டுக்குப் போய்விடும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம்.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லாயிருக்கேன்ப்பா."

குரல் எப்போதும் அதைத்தான் சொல்லும். கோதையின் குரலை நம்பக் கூடாது. சின்ன வயதிலேயே அவள் பொய் சொல்லும்போது குரல் பிசகாது, கீழுதடுதான் உள்பக்கம் மடியும். காய்ச்சலை மறைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனபோதும், அம்மாவின் மருத்துவ முடிவுகளை வாங்கி வந்து ஒன்றுமில்லை என்று சொன்னபோதும் அப்படித்தான் மடிந்தது. எனக்கு அந்த உதட்டைப் பார்க்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம். கொஞ்ச நாளாக அவள் பேச்சின் நடுவே இடைவெளிகள் விழுந்துகொண்டிருந்தன.

"முகம் நல்லா தெரியுதாப்பா?" என்று கேட்டாள்.

"ஜம்முன்னு தெரியிறம்மா" என்றேன், கறுப்பு மானிட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அதில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. அந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பேசி முடித்ததும் மேலே கூப்பிட்டேன். "கோதை எப்படியிருக்காம்மா? சிரிச்சாளா? கீழுதடு உள்ள மடிஞ்சுதா?"

"நான் பால்கனியில நின்னேன் சார்" என்றார் பாகீரதி அம்மாள். "துணி காஞ்சிருந்துச்சு, எடுத்துட்டிருந்தேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் துணி காய்ந்திருந்தது. வானம் மூடிக்கிடந்த ஞாயிற்றுக்கிழமையிலும் துணி காய்ந்திருந்தது. பிறகு அவரே சொன்னார்: "லைன் குடுத்ததும் ஹெட்போனைக் கழட்டிரணும் சார். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிக்குடுத்தது. காதுல விழுறது விழும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா வாயில வரக் கூடாது."

அதனால் பிரிட்டோவைத்தான் நம்பியிருந்தேன்.

ஆயுத பூஜையன்று வீட்டைத் துடைத்து, தொழில் சாமான்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கணினிப் பெட்டிக்கு, கீபோர்டுக்கு, மவுஸுக்கு, ஸ்பீக்கருக்கு, கேமராவின் நெற்றிக்கு, ஏன், மேசைவிளக்குக்கும் வைத்தேன். மானிட்டருக்கு வைக்கவில்லை. வேலை செய்யாத பொருளுக்குப் பொட்டு எதற்கு என்று விட்டுவிட்டேன். மேலே பாகீரதி அம்மாள் கிரைண்டருக்கும் மிக்சிக்கும் வைத்துக்கொண்டே வந்தவர், சுவரில் விழுந்திருந்த படத்தைப் பார்த்திருக்கிறார். நாள் தவறாமல் உழைக்கிற பொருள். அதன் நான்கு மூலைக்கும் பொட்டு வைத்து, பூச்சரம் தொங்கவிட்டு, சூடம் காட்டி, பொரிகடலையும் படைத்துவிட்டார்.

விஜயதசமி முடிந்து பிரிட்டோ கைப்பையோடு வந்தான். மானிட்டரைப் பார்த்தான். அதன் வெறும் நெற்றியைப் பார்த்தான். மேலே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தான்.

"சுவருக்குப் பூஜை நடந்திருக்கே சார்."

"ஆமா. அந்தம்மா பண்ணியிருக்காங்க."

"பூஜை போட்டதைக் கோளாறுன்னு எப்படி சார் சொல்றது? கோளாறுன்னாத்தான் நான் கை வைக்க முடியும்." பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "ஓடாத வண்டியையும் கழுவிப் பொட்டு வச்சு நிறுத்துவாங்களே சார் நம்ம ஊர்ல. நீங்க இதுக்கு ஒரு பொட்டு வச்சிருக்கலாம்."

அவன் ஞானஸ்நானம் பெற்ற பையன். இருந்தாலும் தொழில் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. காபி குடித்துவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோதையின் குரலில் ஜலதோஷம் இருந்தது. அல்லது அழுதிருந்தாள். இரண்டுக்கும் மூக்கு ஒரே மாதிரிதான் அடைக்கும். "நல்லாயிருக்கேன்ப்பா" என்றாள். நான் மேலே கூப்பிட்டேன்.

"சுவரு உங்களோடது, முகம் எங்க வீட்டோடது. பார்த்துச் சொன்னா என்ன குறைஞ்சு போயிரும்?"

"குறையுறது உங்க பொண்ணுக்குத்தான் சார். அவ உங்களைப் பார்த்துப் பேசுறா. நடுவுல நான் ஒருத்தி நிக்கிறேன்னு அவளுக்குத் தெரியாது."

"நான்தானே சொல்றேன்."

"நீங்க லைனுக்கு இந்தப் பக்கத்துப் பார்ட்டி. அவ அந்தப் பக்கத்துப் பார்ட்டி. ரெண்டு பக்கமும் எனக்கு ஒண்ணுதான் சார்."

கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை, ஆகவே அவர் எடுக்காததைக் குற்றம் சொல்ல முடியாது. கண் தெரியாமல், யாரும் வழி சொல்லாமல் வேலை செய்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகை கறுப்புக் கரை போட்டு, கீழே அணையா விளக்கோடு அச்சாகிப் போனது. பெண் வீட்டார் வாங்கிப் பார்த்துவிட்டு, பையனைப் பற்றி அவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள்.

பகல்கள் நீளமாக இருந்தன. மேற்கூரையில் அவர் அடுப்புக்கும் சன்னலுக்கும் நடப்பது கேட்கும். நான் கீழே அதே தடத்தில் என் சமையலறையில் நடப்பேன். அவர் நின்றால் நானும் நிற்பேன். ஒரே ஒரு ஆளுக்குச் சமைத்துத் தனியே சாப்பிடும் இரண்டு வீடுகள், ஒன்றன்மேல் ஒன்று. எனக்கு அப்போது யாராவது ஒருவர், அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் மத்தியானம், எதையும் எதிர்பார்க்காமல், பழக்கதோஷத்தில் மேலே பார்த்து, "வந்துருச்சாம்மா?" என்றேன். அடுப்பிலிருந்து காலடி நகர்ந்துவந்து என் தலைக்கு மேல் நின்றது. பிறகு இரண்டு தட்டு. மவுஸை நகர்த்தினேன். ஒரு தட்டு. மேசையில் தலை வைத்துக் கொஞ்சம் அழுதுவிட்டு, வேலையைத் தொடர்ந்தேன்.

மார்கழியில் கோதை ஊருக்கு வருவதாகச் சொன்னாள். தை வரை இருப்பாளாம். "லீவு எப்படிம்மா குடுத்தாங்க?" என்றேன். "குடுத்தாங்கப்பா" என்றாள். நான் அவள் அறையை ஒழித்தேன். கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டினேன். மெத்தை உறை புதிதாக வாங்கினேன். நேரில் வரப்போகிறாள். எந்த மானிட்டரும் வேண்டாம். எதிரே உட்காரவைத்து அந்த உதட்டைப் பார்த்துவிடலாம்.

அவள் வரும் நாளன்று காலை, வெயில் ஏறிய பிறகு, கீழே ஆட்டோ நின்றது. பெட்டியின் சக்கரங்கள் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு ஏறிவந்தன. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா" என்றாள் கோதை, என் வாசலில், கைக்கெட்டும் தூரத்தில்.

வாசலில் யாரும் இல்லை. மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. தொலைபேசி அடித்தது.

"லைன்ல இருங்க சார்" என்றார் பாகீரதி அம்மாள். "வந்துட்டா. அடுப்படியில நிக்கிறா. பெட்டியும் இங்கதான் இருக்கு."

"அப்பா, நான் மேல இருக்கேன் போல" என்றது குரல், செருப்பு வைக்கும் இடத்திலிருந்து.

"பரவாயில்லம்மா. காபி குடி. அவங்க நல்லாப் போடுவாங்க."

"சரிப்பா."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். எங்கே பார்த்துக் கேட்பது என்று தெரியவில்லை, அதனால் அந்தக் காலி இடத்தைப் பார்த்தே கேட்டேன். "எப்படிம்மா இருக்கே?"

"நல்லாயிருக்கேன்ப்பா."

உதடு மடிந்ததா என்று நான் மேலே கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் மேற்கூரையில், மெல்ல, வேறு யாருக்கும் கேட்காதபடி, பூரிக்கட்டை ஒரு தட்டுத் தட்டியது.

ஆமாம்.

தொலைபேசி இன்னும் காதில்தான் இருந்தது. அதில் பாகீரதி அம்மாள் ஒன்றும் பேசவில்லை. வாயில் வரக் கூடாது அல்லவா. மூச்சு மட்டும் வந்தது.

"கோதை, உன் கட்டிலைத் தட்டிப் போட்டு வச்சிருக்கேன்" என்றேன். "புது உறை. நீ படுத்துக்கணும்."

"சரிப்பா."

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. என் தலையணையை எடுத்துக்கொண்டேன். ஒட்டடைக் கம்பைக் கதவுப் பின்னாலிருந்து எடுத்துக் கோதையின் கட்டிலருகே சாய்த்து வைத்தேன். கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் படியேறினேன். பாதிப் படியில் பாகீரதி அம்மாள் ஒரு தூக்குவாளியும் பூரித் தட்டுமாக எதிரே இறங்கிவந்தார்.

"பால் அடுப்புல இருக்கு சார். பொங்காமப் பாத்துக்குங்க."

"கம்பு கட்டில்கிட்ட இருக்கு" என்றேன்.

"ம்" என்றார்.

நான் செருப்பைக் கழற்றியதும் மேல்வீடு காலியானது. சமையலறையில் சுவர் வெறுமையாக இருந்தது. சன்னலுக்கும் மசாலா அலமாரிக்கும் நடுவில் நான்கு பொட்டுகள் காய்ந்துபோய் ஒரு செவ்வகத்தைக் காவல் காத்தன. நாற்காலி இழுத்தபடி கிடந்தது. மேடையில் பாதி குடித்த காபி டம்ளர் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. விளிம்பில் ஒரு உதட்டின் ஈரம்.

கீழே கட்டில் கிறீச்சிட்டது. அந்தக் கட்டிலின் சத்தம் எனக்குத் தெரியும். குரல் அங்கேதான் இருந்தது, இப்போது முகமும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நான் இல்லாத என் வீட்டில் என் மகள் முழுசாக இருந்தாள்.

தரையில் உட்கார்ந்து காதை வைத்தேன். பாகீரதி அம்மாள் ஏதோ கேட்டார். கோதை பதில் சொன்னாள், சின்னதாக. மறுபடி கேட்டார். இந்த முறை பதில் நீண்டது. வார்த்தை எதுவும் ஏறிவரவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் வந்தது. ஓரிடத்தில் நின்றது. பிறகு அழுகை. சின்னப் பிள்ளையில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து அழுவாளே, எதையும் மறைக்காத அந்த அழுகை. வெகுநேரம் அழுதாள்.

என் காதுக்கு நேர் கீழே ஒட்டடைக் கம்பு தட்டியது. ஒரு தட்டு. காதை எடுக்காமல் காத்திருந்தேன். இன்னொரு தட்டு.

உதடு மடியவில்லை.

பால் பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. எழுந்து அடுப்பைக் குறைத்தேன். தை மாதம் அவள் விமானம் ஏறும்வரை அந்த அடுப்பில்தான் சமைத்தேன். பாகீரதி அம்மாள் வந்து வாளியில் வாங்கிக்கொண்டு போவார். என் கைச்சமையல் எப்படி என்று ஒவ்வொரு வேளையும் கீழிருந்து தட்டு வரும். ரசத்துக்கு மட்டும் கடைசிவரை இரண்டு தட்டுதான்.